வேலையை விட்டவர்களின் அலுமாரி

எங்கள் நண்டுக் கம்பனியில் வேலையை விட்டுப் போனவர்களுக்கென்று தனியாக ஓர் அலுமாரி இருக்கிறது. இரும்பு அலுமாரி. கடல்காற்றுப் பட்டுக் கால்கள் கறள் பிடித்துவிட்டன. அதைப் பூட்டுகிற திறப்பு இருபது வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது, நான்தான் கந்தோர்க் கிளாக்கர். ஓர் ஆள் வேலையை விட்டால், அவருடைய ஃபைலை எடுத்து, மட்டையில் கடைசி நாளை எழுதி, இந்த அலுமாரிக்குள் வைப்பேன். ஆறு வருஷம் அங்கே கிடக்கும். ஆறு வருஷம் முடிந்து வருகிற தை மாதத்தில், ஐஸ் அறைக்குப் பின்னால் ஒரு பழைய பீப்பாவுக்குள் போட்டு எரிப்போம். சட்டம் எத்தனை வருஷம் என்று சொல்கிறதோ எனக்குத் தெரியாது. கேட்பவர்களுக்கு நான் சொல்வது, "எங்கட கம்பனியில ஆறு வருஷம்" என்பதுதான்.

வேலையை விட்டால் அந்த இடத்தோடு கொடுக்கல் வாங்கல் எல்லாம் முடிந்தது என்று மனுசர் நினைக்கிறார்கள். எங்கே முடிகிறது? உங்கள் படம், அடையாள அட்டைப் பிரதி, பங்குச் சாமி தந்த நற்சான்றுக் கடிதம், எத்தனை நாள் காய்ச்சலில் படுத்தீர்கள், எந்த மேற்பார்வையாளரோடு வாய் காட்டினீர்கள், எல்லாம் என்னைப் போல ஒருத்தியின் அலுமாரிக்குள் கிடக்கும். நீங்கள் அதை மறந்து, வேறு வேலை தேடி, பிள்ளை வளர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்படிக் கிடந்த ஃபைல்களில் ஒன்று எப்போது எரியும் என்று நான் ஆறு வருஷம் எண்ணிக்கொண்டிருந்தேன். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். எழுதவும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் கம்பனியில் லீவு எடுக்கிற முறையை முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பிழை விளங்காது. விதிப்படி லீவுத் துண்டை இரண்டு நாள் முன்னதாக எழுதி, கையெழுத்து வைத்து, கந்தோரில் கொடுக்க வேண்டும். ஆனால் அவித்த நண்டில் சதை எடுக்கிற பெண்கள் காலையில் பூட்ஸும் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனால் போனதுதான். பேனை பிடிக்க யாருக்குக் கை இருக்கிறது? அதனால் உடுப்பு மாற்றப் போகிற வழியில் என் ஜன்னலுக்கு வெளியே நின்று, "அக்கா, நாளைக்கு வரமாட்டன், எழுதி விடுங்கோ" என்று ஒரு சத்தம் போடுவார்கள். துண்டை நான் எழுதுவேன். திரும்பி வருகிற நாள் அவர்கள் கையெழுத்து வைப்பார்கள். நான் எழுதினால் அது லீவு, எழுதாவிட்டால் அவர்கள் சொல்லாமல் நின்றவர்கள். கம்பனி தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான் ஓடியது. "அக்காவின்ர தலைக்குள்ள கொம்பியூட்டர் இருக்கு" என்று பெட்டைகள் சொல்வார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு அந்தப் புகழ்ச்சியை வாங்கி வைத்துக்கொள்வேன். எனக்கு மறதி வரும் என்று நானும் நம்பியதில்லை, மற்றவர்களும் நம்பியதில்லை.

அந்த ஃபைலுக்குரியவள் பள்ளிமுனையில் இருந்து வருகிறவள். ஒன்பது வருஷம் எங்களோடு வேலை செய்தாள். கை அப்படி ஒரு வேகம். மற்றவர்கள் ஒரு நண்டை உடைத்து முடிக்குமுன் அவள் இரண்டாவதின் காலைப் பிடித்திருப்பாள். அவளுடைய ஆறு வயது மகளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. மருந்து ஒரு பக்கம் இருக்க, மடு மாதாவுக்கும் ஒரு நேர்த்தி வைத்தாள். தவக்காலத்தில் இருந்து ஆவணித் திருவிழா வரைக்கும் பிள்ளைக்கு வலிப்பு வராவிட்டால், மன்னாரில் இருந்து மடுவுக்கு நடந்தே வருவேன் என்று. வலிப்பு வரவில்லை.

மடுத் திருவிழா என்றால் எங்கள் கம்பனியில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். மன்னாரில் கம்பனி நடத்திக்கொண்டு, மடுவுக்குப் போகாதே என்று சொல்லக்கூடிய முதலாளி இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் கொழும்பிலிருந்து ஒரு புது மனேச்சர் வந்திருந்தார். வந்த கையோடு என்னைக் கூப்பிட்டு, கதிரையில் இருக்கவும் சொல்லாமல், "வாய்ச்சொல்லுக்கு லீவு எழுதுறது நீங்கதானே? இனி ஒரு துண்டு பிசகினா வீட்டுக்குப் போறது அவங்க இல்ல, நீங்க" என்றார். என் மனுசன் அப்போது பாரிசவாதத்தில் படுக்கையில். வீட்டில் என் வேலை ஒன்றுதான் நின்றது. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லுகிறேன்.

திருவிழாவுக்கு முந்தின வியாழக்கிழமை காலையில் அவள் ஜன்னலடியில் நின்றாள். "அக்கா, நாளையில இருந்து மடுவுக்கு நடக்கிறன். பிள்ளைக்கு நேர்த்தி. திருவிழா முடிய வருவன், எழுதி விடுங்கோ."

"ஓம் ஓம், எனக்கும் சேர்த்து மன்றாடும்" என்றேன்.

இந்த இரண்டு பேச்சும் சொல்லுக்குச் சொல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு அவளைப் பற்றி என்னிடம் கேட்ட அன்றைக்கும் இருந்தது. அவளுக்குப் பிறகும் ஒவ்வொருத்தியாக வந்து சொன்னார்கள். மத்தியானம் இருந்து எல்லாருக்கும் துண்டு எழுதினேன். நானும் மடுவுக்குப் போகிறவள்தான். எங்கள் வீட்டாரையும் சட்டி பானையையும் ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு மெசின் கேற்றடியில் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது துண்டு எழுதி முடித்து எழும்பினேன். இருபதாவது அவளுடையது. அது எழுதப்படவில்லை.

மடுவில் கோயில் வளவுக்குள் கொட்டில் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தபோது அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. "அக்கா, கொப்பளம் போட்டிட்டுது, பாருங்கோ" என்று சிரித்தாள். அந்தக் காலைப் பார்த்த உடனே எனக்குப் பொறி தட்டியது. மாதாவே, இவளுக்குத் துண்டு எழுதவில்லையே! பிறகு, சரி, போன உடனே எழுதி வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவளுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இருந்து குடித்துவிட்டுப் போனாள்.

நான் வேலைக்குத் திரும்பிய காலை, வரவுப் புத்தகம் மனேச்சரின் மேசையில் விரித்துக் கிடந்தது. எனக்கு முன்னமே அவர் வந்து, பத்தொன்பது துண்டையும் ஒவ்வொன்றாகப் பேரோடு சரிபார்த்து முடித்திருந்தார். அவளுடைய பேருக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இவங்களுக்குத் துண்டு இல்ல. உங்களுக்குச் சொன்னாங்களா?"

"இல்லை சேர்" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. கை தானாகக் கொசுவை அடிக்கிற மாதிரி வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு பின்வாங்க வழி இருந்தது. 'பொறுங்கோ சேர், இப்பதான் ஞாபகம் வருது' என்றால் முடிந்திருக்கும். ஒரு ஏச்சு விழுந்திருக்கும், கூடினால் ஓர் எச்சரிக்கைக் கடிதம். நான் வாயைத் திறக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் அவள் நொண்டி நொண்டி வேலைக்கு வந்தாள். கேற்றில் மறித்துவிட்டார்கள். நேரே என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, நான் உங்களிட்டச் சொன்னனான்தானே? சேருக்குச் சொல்லுங்கோவன்."

மனேச்சர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குச் சொன்ன மாதிரி ஞாபகம் இல்லையே, பிள்ளை" என்றேன்.

"என்னக்கா கதைக்கிறியள்? இந்தச் சன்னலடியில நிண்டுதானே சொன்னனான்!"

"எத்தினையோ பேர் வந்து சொன்னவை. நீர் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நான் எழுதியிருப்பன்தானே?"

அவள் கத்தினாள், அழுதாள், மாதா மேல் சத்தியம் பண்ணினாள். வேலைக்கு வந்த பெட்டைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எவளும் அவளை நம்பியதாகத் தெரியவில்லை. அக்காவுக்கு மறக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பதினாலு வருஷம் தேடிய நல்ல பேரை அன்றைக்கு அவள் தலையில் போட்டு உடைத்தேன்.

கடிதத்தை மனேச்சர் சொல்லச் சொல்ல நான்தான் ரைப் அடித்தேன். முன்னறிவித்தல் எதுவுமின்றி ஐந்து நாட்கள் கடமைக்குச் சமூகமளிக்காத காரணத்தால், தாமாகவே வேலையை விட்டு நீங்கியவராகக் கருதப்படுகிறார். கீழே மனேச்சரின் கையெழுத்து. அதற்குக் கீழே, வாய்மொழியாகவும் அறிவிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக, என் கையெழுத்து. ஒரு பிரதியை அவளுக்கு அனுப்பினேன். மற்றதை ஃபைலுக்குள் வைத்து, மட்டையில் கடைசி நாளை எழுதி, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும், பழைய ஃபைல்களை எரிக்க இறக்கும்போது, என் கண் அவளுடைய மட்டைக்குத்தான் போகும். இன்னும் ஐந்து. இன்னும் நாலு. கடிதம் எரிந்துபோனால், நான் பொய்ச்சாட்சி சொன்னதற்கு இந்த உலகத்தில் தடயம் இருக்காது. பாவத்துக்கும் ஆறு வருஷக் கணக்கு இருக்கிறதாக நினைத்துக்கொண்டேன், விசரி.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் இருக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தரம் போனேன். கோபப்பட்டேன், புறணி பேசினேன், சில பொய்கள் சொன்னேன். "சில பொய்கள்" என்று பொதுவாகச் சொல்லி, நல்ல நண்டுகளுக்கு நடுவில் ஒரு நாறின நண்டைத் தள்ளிவிடுகிற மாதிரி அதையும் தள்ளிவிடுவேன். சாமியும் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். எந்தப் பொய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடுத்த முறை வேறு கோயிலுக்குப் போயிருப்பேன்.

மூன்றாவது வருஷம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இருந்து தொலைபேசி வந்தது. அவள் அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். எங்களிடம் வேலை செய்தவளா, ஏன் நின்றாள் என்று கேட்டார்கள். ஃபைலை எடுத்தேன். மனேச்சர் பக்கத்து மேசையில். அதனால் அந்தக் கடிதத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன், முன்னறிவித்தல் எதுவுமின்றி என்று தொடங்கி. அந்தப் பக்கத்தில் இருந்த பெண், "ஓ, அப்பிடியோ, நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை என்று பிறகு எங்கள் பெட்டைகள் கதைத்ததைக் கேட்டேன். கணவனின் வலையில் மீன் கழற்றியும் கருவாடு போட்டும் நாளைக் கழிக்கிறாள் என்றார்கள். அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் இறங்கியது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஐந்தாவது வருஷம் மனேச்சர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அவருடைய ஃபைலையும் அதே அலுமாரியில் வைத்தேன், அவளுடையதற்குக் கீழ்த்தட்டில். அவருக்குப் பதிலாக வவுனியாவில் இருந்து ஒரு பெண் வந்தாள். என் மகள் வயது. எனக்குக் கதிரை தந்து, அக்கா என்று கூப்பிட்டுத்தான் கதைப்பாள். பயப்பட ஆளே இல்லை. இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், நான் இரண்டாவது தரம் பொய் சொன்னது இதற்குப் பிறகுதான்.

போன நத்தார்ப் பண்டிகை முடிந்து இரண்டு நாளில் அவள் கந்தோருக்கு வந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு முகத்துக்கு முகம் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். மெலிந்திருந்தாள். வெளியே ஜன்னலில் நிற்காமல், கதவால் வந்து, "உள்ளுக்கு வரலாமோ அக்கா?" என்று கேட்டாள். பெருநிலப் பக்கம் புதிதாக ஒரு நண்டுக் கம்பனி திறக்கிறார்களாம். சதை எடுக்கிற பெண்களுக்கு மேற்பார்வையாளராக ஓர் ஆள் தேவையாம். கை வேகத்தைப் பார்த்தே பிடித்துப்போய்விட்டதாம். ஆனால் எங்கே எத்தனை வருஷம் செய்தாய் என்று ஒரு கடிதம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்களாம்.

"திங்கட்கிழமைக்குள்ள குடுக்கோணும் அக்கா. என்ர ஃபைல் இஞ்ச இருக்கும்தானே?"

ஃபைல் எனக்குப் பின்னால் இருந்த அலுமாரிக்குள் இருந்தது. இன்னும் மூன்று கிழமையில் எரியப் போகிறது. எடுத்தால் கடிதம் வெளியே வரும். புது மனேச்சர் வாசிப்பாள். சாட்சி என்று என் கையெழுத்தைப் பார்ப்பாள். இவளும் நிற்கிறாள். கேள்வி வரும்.

"ஆறு வருஷத்தால எரிச்சுப்போடுவம் பிள்ளை. உம்மட இல்லை" என்றேன்.

அவள் வாதாடவில்லை. ஆறு வருஷத்துக்கு முந்தி அந்த ஜன்னலடியில் அவ்வளவு கத்தினவள், இப்போது தலையை மட்டும் ஆட்டினாள். எழும்பிப் போகும்போது கேட்டாள்: "அப்ப நான் இஞ்ச வேலை செய்யவே இல்லை எண்டு ஆகிடுமோ அக்கா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆண்டவர் வழி விடுவார்" என்றேன். பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டுகிற வேலை.

அவள் போன பிறகு அலுமாரியைத் திறந்தேன். ஃபைலை மடியில் வைத்து முதல் தாளில் இருந்து பார்த்தேன். முதல் நாள் எடுத்த படம், தலைமுடியில் எண்ணெய் வழிகிறது. சாமியின் நற்சான்று. சுகாதாரப் பரிசோதனைத் துண்டு. பிறகு லீவுத் துண்டுகள். ஒன்பது வருஷத்துத் துண்டுகள், எல்லாம் என் கையெழுத்தில் எழுதி, கீழே அவள் கையெழுத்து வைத்தவை. ஒன்றுகூடத் தவறவில்லை. ஒன்பது வருஷமும் சொல்லிச் சொல்லியே லீவு எடுத்தவள் அவள். அதைப் படிக்கிற எந்தக் குருடனுக்கும் கடைசிக் கடிதம் பொய் என்று தெரிந்துவிடும். அந்த மனேச்சர் அந்தத் துண்டுகளைப் பார்க்கவே இல்லை. நான் எடுத்துக் காட்டவும் இல்லை.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு புது மனேச்சரிடம் போனேன். அவள் முன்பக்கத்தைத்தான் பார்த்தாள். "காரணம் ஒண்டும் போடத் தேவையில்லை அக்கா. எத்தினை வருஷம், என்ன வேலை எண்டால் காணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷ வேலையைத்தான் செய்ய முடியாது என்று ஒருத்தியைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

அன்று பின்னேரமே ஸ்கூட்டியில் பள்ளிமுனைக்குப் போனேன். போகிற வழியில் நான் போட்ட திட்டத்தையும் மறைக்கவில்லை. கடிதத்தைக் கொடுப்பது, ஃபைல் தற்செயலாகக் கிடைத்தது என்று சொல்வது, தையில் எரித்துவிடுவது, அதோடு கதை முடிவது. உண்மையைச் சொல்லும் நோக்கம் எனக்கு இருக்கவில்லை.

வீட்டில் பாலன் குடில் இன்னும் பிரிக்காமல் இருந்தது. மகள் நிலத்தில் இருந்து வைக்கோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது, நல்ல உயரம். என்னைக் கண்டதும் தாய் பதறிப்போனாள். "அக்கா! நீங்களே வந்திட்டியளே! வாங்கோ, கதிரையில இருங்கோ."

கடிதத்தை நீட்டினேன். "உம்மட ஃபைல் எரிக்கேல்லை. வேற தட்டில கிடந்தது."

கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ஒருதரம் வாசித்து, மகளிடம் காட்டினாள். "பார், ஒன்பது வருஷம் எண்டு போட்டிருக்கு." பிறகு எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு சொன்னாள்: "அக்கா, உங்களிட்ட நான் ஒரு மன்னிப்புக் கேக்கோணும். கன காலமாக் கேக்கோணும் எண்டு இருந்தனான்."

"என்னட்டயோ? எதுக்கு?"

"அண்டைக்கு உங்களோட எவ்வளவு கத்தினனான். சொன்னனான் சொன்னனான் எண்டு மாதா மேல சத்தியமும் பண்ணினனான். பேந்துதான் ஆற யோசிச்சனான். அக்காவுக்கு ஒண்டும் மறக்காதே. பிள்ளையின்ர யோசினையில நான்தான் சொல்லாமல் போயிட்டன். பொய்ச்சத்தியம் பண்ணிப்போட்டன் எண்டு அதுக்குப் பிறகு நான் மடுவுக்கும் போறேல்லை."

மகள் சிரித்தாள். "அம்மாக்கு எப்பவும் சொன்ன மாதிரித்தான் இருக்கும் அன்ரி. கதவு பூட்டினனான் எண்டுவா, பூட்டியிருக்க மாட்டா."

தாயும் சேர்ந்து சிரித்தாள். "இப்ப எனக்கு என்னிலயே நம்பிக்கை இல்லை அக்கா. மருந்து குடுத்தனானோ எண்டு பிள்ளையிட்டயே ரெண்டுதரம் கேப்பன்."

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. வேலையைத்தான் பறித்தேன் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் புத்தியை இவளே சந்தேகப்படும்படி செய்து, மாதாவின் வாசலையும் அடைத்து வைத்திருக்கிறேன். என்னைப் போன்ற சண்டாளி இந்த மன்னார்த் தீவில் இருப்பாளா?

"நீர் சொன்னனீர்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "என்னக்கா?"

"நீர் சொன்னனீர். 'பிள்ளைக்கு நேர்த்தி, திருவிழா முடிய வருவன்' எண்டு சொன்னனீர். 'எனக்கும் சேர்த்து மன்றாடும்' எண்டு நான் சொன்னனான். எழுத மறந்தது நான். மடுவில உம்மைக் காணேக்கயே எனக்கு ஞாபகம் வந்தது. சேர் கேக்க, பயத்தில இல்லை எண்டு சொல்லிப்போட்டன். நேற்று வந்து கேக்கேக்கயும் ஃபைல் என்ர முதுகுக்குப் பின்னாலதான் இருந்தது."

நேற்று அல்ல, அன்று காலைதான் அவள் வந்தது. அதைக்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை.

அவள் அந்தக் கடிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு கேட்டாள்: "மடுவிலயே ஞாபகம் வந்ததோ?"

"ஓம்."

"நான் உங்கட கொட்டிலடியில இருந்து தேத்தண்ணி குடிச்சனான்."

"ஓம் பிள்ளை."

அவள் மகளின் பக்கம் திரும்பினாள். "கேட்டியே? அம்மா சொன்னனான்." அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. கையில் இருந்த வைக்கோலை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றாள். தாய் இன்னொரு தரம், சத்தம் வராமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் சொன்னனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அழாதேங்கோ. அழுதால் கதைக்கேலாது. அந்தக் கடுதாசி இன்னும் ஃபைலுக்குள்ள இருக்கோ?"

"இருக்கு. தையில எரிக்கிறதுதான். நீர் சொன்னால் இண்டைக்கே கிழிச்சுப்போடுறன்."

"கிழிக்க வேண்டாம்" என்றாள். "எரிக்கவும் வேண்டாம். இப்ப எனக்குச் சொன்னதெல்லாத்தையும் எழுதி, உங்கட பேரைப் போட்டு, கையெழுத்து வைச்சு, அதுக்கு மேல வையுங்கோ. எவ்வளவு காலம் வைப்பியள்?"

"புதுசா ஒரு கடுதாசி வைச்சால், அதில இருந்து ஆறு வருஷம்."

"அப்ப வையுங்கோ."

"எல்லாரும் பார்ப்பினமே, பிள்ளை" என்றேன். சத்தியமாக, அந்த நேரத்திலும் என் வாயில் இருந்து வந்தது அதுதான்.

"ஓம்" என்றாள். "என்ரையையும் எல்லாரும் பார்த்தவைதானே."

கேற் வரைக்கும் அவள் வரவில்லை. பிள்ளைதான் வந்து திறந்துவிட்டது.

மறுநாள் எழுதினேன். ரைப் அடிக்கவில்லை, கையால் எழுதினேன். புது மனேச்சர் இரண்டுதரம் வாசித்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "இதை உள்ளுக்கு வைக்கத்தான் வேணுமோ அக்கா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அன்றிலிருந்து என்னோடு மரியாதையாகத்தான் கதைக்கிறாள், ஆனால் லீவுத் துண்டுகளைத் தானே வாங்கிக்கொள்கிறாள். பெட்டைகள் இப்போது என் ஜன்னலடியில் நிற்பதில்லை. அவளுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது என்று அவர்கள் கதைத்ததில் இருந்துதான் தெரிந்துகொண்டேன். அவள் எனக்குச் சொல்லவில்லை.

தையில் மற்ற ஃபைல்களை எரித்தோம். அவளுடையது அலுமாரிக்கே திரும்பிப் போனது. மட்டையில் புது வருஷத்தை எழுதினேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அன்றைக்குத் திறப்பை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டுப் போவேன். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அந்தத் தாள் அங்கே இருக்கும், யாராவது அவளைப் பற்றிக் கேட்டால் அதை எடுத்து வாசிப்பார்கள்.